சல்லடையில் தங்கியது

“இதுல ஒயரை எங்கங்க சொருகறது?”

கையில் சிறு பெட்டி போன்ற ஒரு கருவியையும் அதன் வாலாகத் தொங்கிய கறுப்பு ஒயரையும் ஏந்திக்கொண்டு, வண்டியை மூன்று முறை வலம்வந்த பிறகு அந்த மெக்கானிக் கேட்டான். ஸ்டியரிங்கின் அடியில் தலையை நுழைத்துப் பார்த்தான். முன்மூடியைத் தூக்கிப் பார்த்தான். கடைசியில் முகவரி தவறி வந்துவிட்ட தபால்காரனைப் போல நிமிர்ந்து நின்றான். வந்துபோனவர்களில் அவன் பதினோராவது ஆள். வண்டிக்குச் சொந்தக்காரரான மருந்துக்கடைக்காரர், வண்டிமேல் போர்த்தும் பருத்தித் துணியை மறுபடியும் இழுத்துவிடத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போர் மூள்வதற்கு மூன்றாண்டு முன்னே ஆலையைவிட்டு வெளிவந்த வண்டி அது. ஒயரைச் சொருகிக் கேட்டால் தன் நோயைத் தானே சொல்லும் வாய் அதற்கு இல்லை.

“கோவிச்சுக்காதீங்க சார். இது பேசற பாஷை எனக்குத் தெரியாது.”

“உங்க போர்டுல ‘எல்லா வாகனங்களும்’னு போட்டிருக்கே?”

“அது போர்டு எழுதினவர் போட்டது சார்.”

அவன் போன பின் கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு உள்ளேயே நின்றார். தகரக் கூரையின் ஆணித்துளைகள் வழியே வெயில் ஊசிகளாக இறங்கிக் கொண்டிருந்தது. துணிக்கு அடியில் வண்டி, முகம் மூடிய நோயாளியைப் போலக் கிடந்தது. மூன்று ஆண்டுகள். இந்த மூன்றாண்டுகளில் ஒருவன், பழைய எஞ்சினைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது ஒன்றைப் பொருத்தித் தருவதாகச் சொன்னான். இன்னொருவன் வண்டியை வெறுங்கூடாக்கி உள்ளே நாற்காலி போட்டால் உணவகத்துக்கு அழகாக இருக்கும் என்றான். ஏனையோரை அவரே வாசலோடு திருப்பி அனுப்பினார். வண்டியின் அருகே எவர் வந்தாலும் அவர் முதலில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “சான்றிதழ் இருக்கா?” இல்லை என்றவன் துணியைத் தொடக்கூட அவர் விடவில்லை.

அறுபத்தேழு வயது அவருக்கு. நாற்பத்தோரு ஆண்டுகளாக ஒரே மருந்துக்கடையின் ஒரே மேடைக்குப் பின்னே நின்றவர். மருத்துவர்களின் கிறுக்கலை வாசித்து, காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டங்கள் அச்சிட்ட சிறு காகித உறைகளில் எண் எழுதி, மாத்திரைகளை எண்ணிப் போட்டுக் கொடுப்பதில் அவர் கை ஒருநாளும் பிசகியதில்லை. புதிய மருந்து எது வந்தாலும் பெட்டிக்குள் மடித்திருக்கும் தாளை விரித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கடைசி வரிவரைக்கும் படித்த பிறகே அலமாரியில் ஏற்றுவார். அவசரப்படும் வாடிக்கையாளர்களிடம், “பொடி எழுத்துலதாம்மா எமன் ஒளிஞ்சிருக்கான், கொஞ்சம் பொறுங்க” என்பார். ஊரே அந்தச் சொல்லைச் சொல்லிச் சிரிக்கும். சிரித்துக்கொண்டே அவரிடம்தான் வந்து நிற்கும்.

வண்டி அவருடைய தந்தையின் காலத்தில் வந்தது. அயல்நாடு போன மருத்துவர் ஒருவர் அதை விட்டுச்சென்றார். மணமாகி வந்த புதிதில் மனைவி அதற்கு ‘மூத்தாள்’ என்று பெயர் வைத்தாள். தனக்கு முன்பே இந்த வீட்டுக்கு வந்தவள், கணவனின் விடுமுறை நாட்களையெல்லாம் தானே எடுத்துக்கொள்பவள் என்பதால். “உங்க மூத்தாளுக்குக் குளிப்பாட்டியாச்சா? அப்படியே இளையாளுக்கும் ரெண்டு வாளி தண்ணி தூக்கிக் குடுங்க” என்று சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள். அந்தப் பரிகாசத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் ஒரு பகல்போலக் கழிந்தன.

மூத்தாளைத் துடைத்து மினுக்குவது மட்டுமே அவர் வேலை. அவளுடைய உள்ளுறுப்புகளை அறிந்தவன் மாப்பிள்ளை, அவருடைய தங்கையின் கணவன். கடைசல் பட்டறை வைத்திருந்தவன். பள்ளிப் படிப்பையே பாதியில் விட்டவன். பட்டறையில் தானே கடைந்தெடுத்த ஒரு முழ நீள மரக்கோல் அவனிடம் உண்டு. அதன் ஒரு முனையை ஓடும் எஞ்சினின்மேல் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வான். “மூணாவது வால்வு முனகுது மச்சான்” என்பான். திறந்து பார்த்தால் மூன்றாவது வால்வுதான். ஞாயிறுதோறும் வருவான், கொட்டகையில் இருவரும் நுழைந்தால் தங்கையும் மனைவியும் வந்து இழுத்துக்கொண்டு போனால்தான் சோறு.

அந்த ஞாயிறுகள் முடிந்த விதம் இது.

மனைவியின் நோய்க்கு இனி மருந்தில்லை, வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றாள் அவள். “வந்தது மூத்தாள் மடியில உக்காந்துதானே, போறதும் அப்படியே போறேன்.” மாப்பிள்ளை வண்டியை ஓட்டினான். மருந்துக்கடைக்காரர் பின்னிருக்கையில் அவள் தலையை மடியில் தாங்கியிருந்தார். பாதி வழியில் எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல ஓர் ஓசை எழுந்தது. பிறகு அது பேரோசையாகி, வண்டி நடுச்சாலையில் இறுகி நின்றது. வெயிலில் முக்கால் மணி நேரம். பிறகு அவ்வழியே வந்த ஒரு சலவைக்கடை வேன் நின்றது. அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவே அவளைக் கிடத்திக் கொண்டுவந்தார்கள். பிறர் வியர்வையின் வாடை சூழ்ந்த அந்த இருட்டில் அவள் சிரிக்க முயன்றாள். “பாத்தீங்களா, கடைசியில மூத்தாள் தன் புத்தியைக் காட்டிட்டா.” பிறகு, “சரி பண்ணிருங்க. கோவத்துல தள்ளிவிட்டுடாதீங்க, பாவம்” என்றாள். எட்டாம் நாள் அவள் இல்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் கூடம் நிறைய அமர்ந்திருக்கும்போது, மாப்பிள்ளை தண்ணீர்க் குவளையை நீட்டினான். அதை வாங்காமல் மருந்துக்கடைக்காரர் சொன்னார்: “அரைகுறை கையில குடுத்தா இப்படித்தான் ஆகும். படிச்ச மெக்கானிக் ஒருத்தன் பாத்திருந்தா, அவ அழுக்கு மூட்டையோட மூட்டையா வந்திருக்க மாட்டா.” மாப்பிள்ளையின் முகம் சுண்டியது. குவளையைத் தரையில் வைத்துவிட்டு, “சரி மச்சான்” என்றான். அவ்வளவுதான். அன்று போனவன் திரும்பவில்லை. அவனுடைய மரக்கோல் கொட்டகை ஆணியில் தொங்கியது தொங்கியபடியே இருந்தது. தங்கை மட்டும் மாதம் ஒருமுறை தொலைபேசியில் “சாப்பிட்டியாண்ணா” என்பாள். அவரும் “ஆச்சு” என்பார். அவள் கணவனைப் பற்றி இவர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

எனவே, மருந்துக்கடைக்காரர் தேடியது மெக்கானிக்கை மட்டுமன்று. தகுதி பெற்ற ஒருவர் வந்து, எஞ்சினைத் திறந்து, “ஆமாம், இது அரைகுறைக் கையின் வேலைதான்” என்று சொல்லவேண்டும். அந்த ஒரு சொல்லுக்காகவே மூன்றாண்டுகள் காத்திருந்தார். தாம் கூடத்தில் சொன்னது கொடுமையாக இருந்திருக்கலாம். ஆனால் பொய்யாக இருந்துவிடக்கூடாது.

பன்னிரண்டாவதாக வந்தவர் ஒரு பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். பழைய வாகனங்களின் காட்சியகம் ஒன்றில் இருபது ஆண்டுகள் தலைமை மெக்கானிக்காக இருந்தவர் என்று மருந்து நிறுவனத்து விற்பனையாளர் ஒருவர் சொல்லி, இவர் நான்கு கடிதங்கள் எழுதி ஏழு மாதம் காத்த பிறகு, ஒருவழியாக இசைந்து வந்திருந்தார். முழங்கைவரை மடித்த நீலச் சட்டை. நகக்கண்களில் கழுவிப் போகாத கறுப்பு. சான்றிதழ் என்று இவர் வாயெடுக்கும் முன்பே பிளாஸ்டிக் உறையை நீட்டினார்.

“நிதானமா படிங்க சார். மூணு இருக்கு. நாலாவதை எலி சாப்பிட்டுருச்சு, அதுவும் இப்ப தகுதி உள்ள எலி.”

அவர் மூன்றையும் கடைசி வரிவரைக்கும் படித்தார். படித்து முடிக்கையில் கண்கள் கசிந்திருந்தன. வந்துவிட்டார். வரவேண்டியவர் வந்தேவிட்டார்.

இரண்டு நாள் அந்தப் பெண்மணி வண்டிக்கு அடியிலேயே கிடந்தார். மருந்துக்கடைக்காரர் கடையை மூடிவிட்டு, ஒரு முக்காலியில் அமர்ந்து, வெளியே நீண்டிருந்த அவருடைய காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருகுசாவியின் கிறீச்சொலி எழுவதும், நிற்பதும், மீண்டும் எழுவதுமாக இருந்தது. முதல் நாள் மாலை உள்ளிருந்து ஒரு கேள்வி வந்தது.

“இவளைப் பாத்துக்கிட்டது யாரு சார்?”

அவர் முன்னே குனிந்தார். “ஏன், என்னாச்சு?”

“இல்ல, கேக்கணும்னு தோணுச்சு. அவ்ளோ பதமான கை. ஒரு நட்டுகூட முனை மழுங்கலை. நான் இருவது வருஷமா சொல்லிக் குடுத்த பசங்ககூட இவ்ளோ சுத்தமா செய்ய மாட்டானுங்க. யாரு, ஸ்பெஷலிஸ்டா?”

“சொந்தக்காரர்” என்றார். அந்தச் சொல் வாயில் மாத்திரை கரைந்ததுபோலக் கசந்தது. ஆனாலும் நம்பிக்கை போகவில்லை. நட்டைத் திருகுவது வேறு, எஞ்சினை அறிவது வேறு, நாளைக்குத் தெரியும்.

மறுநாள் நண்பகலில் எஞ்சினின் அடித்தொட்டி இறங்கியது. பெண்மணி அதை இரு கைகளாலும் ஏந்தி வெளியே கொண்டுவந்து வெளிச்சத்தில் வைத்தார். உள்ளே எண்ணெய் இல்லை. ஆனால் எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாயிலிருந்த கம்பிச் சல்லடை முழுவதும், கரிய களிபோல ஏதோ அப்பியிருந்தது. அவர் விரலால் வழித்து முகர்ந்தார்.

“ஒரு விஷயம் புரியலை. இதை ஏற்கெனவே ஒருத்தர் இறக்கிப் பாத்திருக்காரு. எண்ணெயை வடிச்சிருக்காரு. சல்லடையைக் கண்ணால பாத்திருக்காரு. பாத்துட்டு, எதையும் துடைக்காம, எண்ணெய் கசியாம இருக்கப் புதுசா அட்டை வெட்டிப் போட்டு, அப்படியே மூடி முடுக்கிட்டாரு. எதுக்கு? வேலை தெரிஞ்ச ஆளு எதுக்கு அப்படிச் செய்யணும்?”

“தெரியாம செஞ்சிருப்பார்.”

“தெரியாதவன் வேலை இல்ல சார் இது. தெரியாதவன் கை எதுன்னு காட்டட்டுமா? இதோ.” எண்ணெய் வடிக்கும் அடித்திருகைத் தூக்கிக் காட்டினார். அதன் ஆறு முனைகளும் மழுங்கி, உலோகத்தில் பற்குறிகள் பதிந்திருந்தன. “வண்டி முழுக்க இது ஒண்ணுதான் இப்படி. சாவி போடாம குறடு போட்டுத் திருகியிருக்காங்க. எவனோ அவசரக்காரன். சரி, கடைசியா என்ன எண்ணெய் ஊத்தினீங்க?”

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல மருந்துக்கடைக்காரர் எழுந்தார். கொட்டகை மூலையில் உயரமான தட்டு ஒன்றில், தூசி படியாமல் துணி சுற்றி, ஒரு பொன்னிற டின் இருந்தது. வண்டிக்குக் குறை நேர்ந்தது தம் பக்கத்தால் அன்று என்பதற்கு அவர் வைத்திருந்த சாட்சி அது. இரு கைகளாலும் எடுத்துவந்தார்.

“இதைவிட உசத்தி சந்தையில கிடையாதும்மா. அவளை ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டிட்டு வர்றதுக்கு முதல் நாள் நானே மாத்தினேன். ஆசையா இருந்துச்சு. மாப்பிள்ளைக்குக்கூடச் சொல்லலை. ஊத்திட்டு, ஊறட்டும்னு ஒரு மணி நேரம் ஓடவிட்டு வெச்சேன்.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் பார்வை அந்தப் பற்குறிகளின்மேல் சென்றது. அன்று சாவி அகப்படவில்லை. அலமாரியில் குறடு இருந்தது.

பெண்மணி டின்னை வாங்கிச் சுழற்றிப் படித்தார். அவருடைய குரல் தணிந்திருந்தது; தீய செய்தியை உறவினரிடம் சொல்லப் பழகியவர்கள் குரலைத் தணிப்பதுபோல.

“இது நல்ல எண்ணெய்தான் சார். அதான் வினை. புது எஞ்சினுக்குள்ள படியற அழுக்கைக் கழுவி எடுக்கறதுக்குன்னு செஞ்சது. புது எஞ்சின்ல ஃபில்டர் இருக்கும், கழுவினதை அது பிடிச்சுக்கும். இவகிட்ட அதெல்லாம் கிடையாது, இந்தச் சல்லடை மட்டும்தான். எண்பது வருஷக் கசடு உள்ள சுவரோட சுவரா ஒட்டிக்கிட்டு சும்மா கிடந்துச்சு. இது போய் அத்தனையையும் ஒரே நாள்ல பேத்து எடுத்துருச்சு. சல்லடை அடைச்சுப்போச்சு. எண்ணெய் மேல ஏறலை. பேரிங் உருகி ஓடிருச்சு.” டின்னின் பின்புறத்தில் ஓரிடத்தைக் கட்டைவிரலால் தொட்டுக் காட்டினார். “இங்க போட்டிருக்கான் பாருங்க.”

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். கடுகு தூவியதுபோல் சிறு எழுத்துகள். ‘வடிகட்டி இல்லாத பழைய எஞ்சின்களுக்குப் பயன்படுத்த வேண்டாம்.’ மூன்றாண்டுகளாக வாரந்தோறும் இந்த டின்னைத் துடைத்திருக்கிறார். நாற்பத்தோரு ஆண்டுகளாக ஒரு தாளையும் படிக்காமல் விட்டவரில்லை. அன்று ஏன் படிக்கவில்லை? மனைவி வீட்டுக்கு வருகிறாள் என்ற ஒரே எண்ணத்தில் உலகின் எழுத்துகளெல்லாம் மறைந்துபோன நாள் அது.

“இன்னொண்ணு” என்று பெண்மணி தயங்கினார். “எஞ்சினோட முதுகெலும்பு, கிராங்க், விட்டுப்போச்சு. குறுக்க விரிசல். தட்டற சத்தம் வந்த உடனே நிறுத்தியிருந்தா பேரிங்கோட போயிருக்கும், நான் திரும்ப ஊத்திக் குடுத்துருவேன். சத்தம் வந்தப்புறமும் மூணு நாலு கிலோமீட்டர் ஓட்டியிருக்காங்க. இந்த மாடலுக்கு வேற கிராங்க் எங்கயும் இல்ல சார். நான் தேடறேன். ஆனா உங்களுக்கு நம்பிக்கை குடுக்க மாட்டேன்.”

சத்தம் வந்தப்புறமும். மருந்துக்கடைக்காரர் முக்காலியில் அமர்ந்தார். மூன்றாண்டுகளாக அவர் நினைவில் ஓசை எழுந்ததும் வண்டி நின்றதும் அடுத்தடுத்து இருந்தன. இடையில் எதுவும் இல்லை. இப்போது இடையிலிருந்தது திரும்பி வந்தது. முன்னிருக்கையில் மாப்பிள்ளையின் பிடரி. “எண்ணெய் முள்ளு கீழ இறங்கிருச்சு மச்சான், ஓரமா நிறுத்திடறேன்.” மடியில் அவளுடைய தலை, வியர்வையில் ஒட்டிய நரைமயிர். பிறகு ஒரு குரல். கதறுவதுபோன்ற குரல். “நிறுத்தாதே! இன்னும் கொஞ்ச தூரம்தான், ஓட்டு! நிறுத்தினா உன்னை மன்னிக்கவே மாட்டேன்!” அது அவருடைய குரல்.

பெண்மணி ஒரு பாதி வளையத்தைத் துணியில் துடைத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். பேரிங்கின் ஒரு துண்டு. வெள்ளியைப் போன்ற அதன் உட்பூச்சு உருகி ஓரத்தில் வழிந்து, மெழுகுச் சொட்டாக உறைந்திருந்தது.

“நீங்க வேணும்னா செஞ்சீங்க? தெரியாம நடந்தது சார்” என்றார். பிறகு ஆணியில் தொங்கிய மரக்கோலைப் பார்த்து, “அந்தச் சொந்தக்காரர்கிட்ட நான் கேட்டேன்னு சொல்லுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கருவிகளைத் துடைக்கத் தொடங்கினார்.

அடுத்த நாள் காலை மருந்துக்கடைக்காரர் பேருந்து ஏறினார். கைப்பையில் பேரிங் துண்டு, கையில் மரக்கோல். வழியெல்லாம் சொற்களைக் கோத்துக்கொண்டு போனார். நான்தான், மாப்பிள்ளை. எண்ணெய் ஊத்தினது நான். ஓட்டச் சொன்னதும் நான். அவளை நடுரோட்டுல கிடத்தினது நான். அதற்குமேல் மன்னிப்பு என்ற சொல்லை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எங்கே வைத்தாலும் அது பொருந்தாமல் உருண்டது.

மூன்றாம் மாடி. கதவைத் திறந்த தங்கை, அவரைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள். கூந்தல் முழுதும் வெளுத்திருந்தது. உள்ளே அழைக்காமல், தானே வெளியே வந்து கதவை மெல்லச் சாத்தினாள்.

“அவருகிட்ட நீ மெதுவா பேசினாலும் கத்திப் பேசினாலும் ஒண்ணுதாண்ணா. காது போயிருச்சு. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. முப்பது வருஷம் அந்த லேத்துச் சத்தத்துல நின்னது. பட்டறையையும் குடுத்தாச்சு. உனக்குச் சொல்ல வேண்டாம்னுட்டாரு.”

படிக்கட்டுக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, கோத்துவைத்ததையெல்லாம் அவர் அவளிடமே கொட்டினார். எண்ணெய், சல்லடை, குறடு, பொடி எழுத்து. அவள் வியக்கவில்லை. அவள் வியக்காததைக் கண்டு அவர் நிறுத்தினார்.

“உனக்குத் தெரியுமா?”

“வண்டி நின்ன மறுநாளே அவருக்குத் தெரியும்ணா. இழுத்துட்டு வந்து போட்டதும் கொட்டகையில போய் அடியைக் கழட்டிப் பாத்துட்டு வந்தாரு. கையெல்லாம் கறுப்பு. உக்காந்து அழுதாரு. ‘உங்க அண்ணன் ஆசையா ஊத்தியிருக்காரு, அதுவே குடலை அடைச்சிருச்சு. இதை மட்டும் அவரு தெரிஞ்சுக்கிட்டா உசிரோட இருக்க மாட்டாரு’ன்னாரு. அப்படியே மூடி வெச்சுட்டு வந்துட்டாரு. நீ கூடத்துல வெச்சு அவ்ளோ பேசின அன்னிக்கு நான் சொல்றதுக்கு வாயைத் திறந்தேன். என் கையைப் பிடிச்சு நெரிச்சாரு. ‘என்னைத் திட்டினா அவரு பொழைச்சுக்குவாரு, திட்டிட்டுப் போகட்டும்’னாரு.”

மாடிப்படியில் யாரோ காய்கறிப் பையுடன் ஏறிப்போனார்கள். இருவரும் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டார்கள்.

“அண்ணா, ஒண்ணு கேக்கறேன்.” தங்கை அவருடைய முகத்தைப் பார்க்காமல் பேசினாள். “உனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவருகிட்ட சொல்லாதே. காதும் இல்ல, பட்டறையும் இல்ல. இத்தனை நாளா அந்த மனுஷன் உனக்காக இதை ஒண்ணைத்தான் காப்பாத்தி வெச்சிருக்காரு. அதையும் நீ பறிச்சுட்டா அவருகிட்ட என்ன மிச்சம்?”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் கதவைத் திறந்துவிட்டாள்.

சாளரத்தருகே ஒரு மரமேசை. அதன்முன் மாப்பிள்ளை அமர்ந்து, ஒரு கடிகாரத்தின் பின்மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தான். கதவு திறந்த காற்றில் திரும்பினான். மருந்துக்கடைக்காரர் எதிர்பார்த்து வந்த கோபமும் இல்லை, கசப்பும் இல்லை; முகம் மலர்ந்தது. காது கேளாதார் பேசும் உரத்த குரலில், அந்தச் சிறு அறையே அதிரும்படி, “வாங்க மச்சான்!” என்றான். எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான். “இளைச்சுட்டீங்க. தங்கச்சி சமையலைச் சாப்பிட்டா தேறிடுவீங்க. எனக்குத்தான் இப்ப அவ திட்டறதும் கேக்காது, அதனால நல்லா இருக்கேன்.”

அவர் மரக்கோலை நீட்டினார். மாப்பிள்ளை அதை இரு கைகளாலும் வாங்கி, அதன் மேனியெங்கும் விரலை ஓட்டினான். “இதையா தூக்கிட்டு வந்தீங்க! இதைப் பல்லுல கடிச்சா எலும்பு வழியா கொஞ்சம் தெரியுது மச்சான். வீட்டுல ரூல்தடியை வெச்சுக்கிட்டு மிக்ஸியைக் கேட்டேன். என் நாலாவது பல்லுதான் முனகுது.” தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான்.

அமரும்போது கைப்பை மேசை விளிம்பில் இடித்தது. உள்ளே பேரிங் துண்டு கணீரென்று ஒலித்தது. கேட்டவர்கள் அண்ணனும் தங்கையும் மட்டுந்தான். ஆனால் அந்த அதிர்வு மேசைக்குத் தெரிந்தது, மேசைமேலிருந்த மாப்பிள்ளையின் விரல்களுக்கும் தெரிந்தது. அவன் பையைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். தயங்காமல் கையை விட்டு அந்தப் பாதி வளையத்தை எடுத்தான். கட்டைவிரலால் உருகி வழிந்த இடத்தை ஒருமுறை தடவினான். சிரிப்பு, விளக்கின் திரியை யாரோ தாழ்த்தியதுபோல, சிறிது சிறிதாக இறங்கியது.

“பிரிச்சுட்டாங்களா?”

அவர் தலையசைத்தார்.

“படிச்சவங்கதானே?”

அந்தக் கேள்வியில் குத்தல் ஏதும் இல்லை. அதுதான் தாங்கவொண்ணாததாக இருந்தது. அவர் மறுபடியும் தலையசைத்தார்.

மாப்பிள்ளை வளையத்தை மேசையில் வைத்தான். அதன் உருகிய பக்கம் கீழே இருக்கும்படி, கவிழ்த்து வைத்தான். பிறகு குரலைத் தாழ்த்த முயன்றான். எவ்வளவு தாழ்த்துகிறோம் என்பது அவனுக்கே கேட்காததால் அது உடைந்து உடைந்து வந்தது.

“காரணம் என்னன்னு சொன்னாங்களா மச்சான்?”

அவருடைய கடை மேடைக்கு முன்னால் நின்று, மருத்துவர் எழுதிய தாளை அவர் வாசிக்கும்போது, எழுத்தைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்திருப்பவர்கள் உண்டு. தங்கள் நோய் இன்னதென்று அந்த முகத்திலிருந்து படிக்க முயல்பவர்கள். மாப்பிள்ளையின் கண்கள் இப்போது அப்படி இருந்தன. அச்சம் ததும்பி, இல்லை என்ற ஒரு விடைக்காக இரந்து நின்றன.

தங்கை சமையலறை வாயிலில் நின்றாள். உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. மருந்துக்கடைக்காரர் சட்டைப்பையைத் துழாவினார். பேனா அகப்பட்டது. தாள் இல்லை, எப்போதும் போல் ஒரு மருந்து உறைதான் இருந்தது. காலை, மதியம், இரவு என்று மூன்று வெற்றுக் கட்டங்கள். அதை மேசைமேல் வைத்து நீவினார். எழுதினால், இவன் மூன்றாண்டு காத்தது பாழ். எழுதாவிட்டால், கூடத்தில் அன்று சொன்ன சொல் என்றென்றைக்கும் இவன்மேலேயே நிற்கும். பேனா முனை முதற் கட்டத்தின்மேல் இறங்கியது. ஒரு புள்ளி விழுந்தது.

மாப்பிள்ளை உறையைப் பார்க்கவில்லை. மரக்கோலின் ஒரு முனையைப் பேனாவுக்கு அருகே மேசைமேல் ஊன்றினான். மறுமுனையைப் பற்களுக்கிடையே மெல்லக் கவ்விக்கொண்டு, ஓடும் எஞ்சினைக் கேட்பவனைப்போலக் கண்களை மூடிக்கொண்டான். முதல் எழுத்தின் கீறல் மரத்தின் வழியே தன்னிடம் வந்துசேர அவன் காத்திருந்தான். அந்தப் புள்ளியிலிருந்து மை மட்டும் ஓசையின்றிக் காகிதத்தில் ஊறிப் பரவிக்கொண்டிருந்தது.